வள்ளத்துக்கு ஒரு பங்கு

ரியூசன் ரீச்சர் வேலைக்கு முதல் தகுதி கணிதப் பட்டம் இல்லை, தொண்டை. அதிலும் மன்னாரில் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் பைதகரஸ் தேற்றத்தை வகுப்பின் கடைசி வாங்குவரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமென்றால், கரையில் நின்று கடலில் போகிறவனைக் கூப்பிடுகிற தொண்டை வேண்டும். எனக்கு அது சின்ன வயதிலேயே வாய்த்துவிட்டது. மலைநாட்டிலிருந்து வந்து முருங்கன் பக்கம் குடியேறிய குடும்பம் எங்களுடையது. வயலின் மறுகோடியில் கூலிக்கு நிற்கிற அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடுவது என் பொறுப்பு. பட்டம் பிறகு வந்தது. அரசாங்கப் பள்ளிக்கூட நியமனம் வந்தபாடில்லை. அது வரும்வரை வயிறு பொறுக்காது என்பதால் ஸ்கூட்டியில் ஏறினேன்.

கிழமை நாட்களில் தலைமன்னாரும் அரிப்பும், சனிக்கிழமை மன்னார் டவுன், ஞாயிறு முசலி. வீட்டில் இருக்கும் நேரத்தைவிட ரோட்டில் இருக்கும் நேரம் அதிகம். பதினோராம் வகுப்பு முடிவில் எழுதுகிற சாதாரண தரச் சோதினைக்கான கணிதம்தான் என் சரக்கு. வாழ்க்கையில் ஒருமுறையாவது யாருக்காவது சதவீதக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போய்த் தலையில் கை வைத்தவர்கள் எல்லோரும் எனக்கு உறவுதான். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆறுதல் சொல்ல இல்லை, கொஞ்சம் பெருமையடிக்க.

பறந்த பலகை

தலைமன்னாரில் என் வகுப்புக் கொட்டிலுக்கு மூன்று பக்கம் கிடுகு, ஒரு பக்கம் கடல். சோளகம் தொடங்கிய கிழமை, நான் முக்கோணம் ஒன்று கீறிக்கொண்டிருக்கும்போதே வெள்ளைப்பலகை ஆணியோடு கழன்று என் தலைக்கு மேலால் போய் வெளியே மணலில் விழுந்தது. கையில் பேனை மட்டும் மிஞ்சியது. பிள்ளைகள் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அது வேடிக்கை இல்லை, வெறும் காற்று. பின்வாங்கில் இருந்தவர்கள் எழும்பிப் போய் நங்கூரக் கயிறும் வலைக்குக் கட்டுகிற ஈயமும் கொண்டுவந்தார்கள். மீன்பிடி வள்ளத்தைக் கரையில் கட்டுவதுபோலப் பலகையைக் கட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரச் சொன்னார்கள். அந்த முடிச்சை அவிழ்ப்பது எப்படி என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பக்கத்துக் கொட்டிலில் விஞ்ஞானம் படிப்பிக்கிற அன்ரன் மாஸ்டர் செய்தி கேட்டு வந்தார். பலகையை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தார். தொங்கியும் பார்த்தார். பிறகு கையைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "இனிப் பலகை அசையாது ரீச்சர். பிள்ளையளை அசைக்கிறதுதான் உங்கட வேலை."

பின்வாங்குப் பிள்ளை

அரிப்பில் எங்களுக்குக் கோயிலடி மண்டபம். புது வகுப்புத் தொடங்கிய அன்று பின்வாங்கில் ஒரு பெண்மணி இருந்தார். என்னைவிடப் பத்து வயதாவது மூப்பு. சீலைத் தலைப்பை இழுத்துச் சொருகியிருந்தார். கைகளில் கருவாட்டு உப்பின் வெள்ளை இன்னும் போகவில்லை. முன்வாங்கில் அவர் முகச்சாடையில் ஒரு பிள்ளை, டிலக்சனா, திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சத்தியம் செய்தவள்போல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகளை விட வந்த தாய் என்று நினைத்து, பெற்றோர் வெளியே இருக்கலாம், நிழலில் கதிரை போட்டிருக்கிறது என்று மரியாதையாகச் சொன்னேன். அவர் அசையவில்லை.

அவர் பெயர் மெற்றில்டா. ஊர் முன்பள்ளியில் பல வருடங்களாக உதவியாள். சின்னஞ்சிறுசுகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பதும் அவர், மூக்குத் துடைப்பதும் அவர், ஆனால் ரீச்சர் அவர் இல்லை. ஏனென்றால் சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்துபோன இடத்தில் எழுதிய சாதாரண தரத்தில் மற்றப் பாடமெல்லாம் சித்தி, கணிதம் மட்டும் பெயில். இப்போது அங்கிருந்த ரீச்சர் கலியாணம் முடித்து வெளியூர் போகிறார். கணிதம் இருந்தால் அந்த இடம் மெற்றில்டா அக்காவுக்கு. இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஆள் வரும். அடுத்த வருடம் எழுதலாம் என்றால் வயதெல்லை தாண்டிவிடும். ஆக, இந்த ஒரு சோதினைதான். இதெல்லாம் பிறகு நான் கேட்டு அறிந்தது. அன்று அவர் எழும்பி நின்று, கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சொன்னது இவ்வளவுதான்: "நான் தாயா வரேல்ல ரீச்சர். பிள்ளையா வந்தனான்."

சுவரொட்டி தின்ற வாடிக்கையாளர்

டவுனில் எனக்கு ஒரு போட்டியாளர். பெரிய ஊரிலிருந்து வாரக் கடைசியில் காரில் வந்து இறங்குகிற மாஸ்டர். அவருடைய சுவரொட்டிகள் வந்த கிழமை, என் வகுப்பு மதில் முழுக்க அவர் முகம். கை கட்டிய படம், கீழே ‘சித்தி நிச்சயம்’. என் பிள்ளைகளில் பாதிப்பேர் அங்கே பாய்ந்துவிட்டார்கள். நானும் மனதுக்குள் ஸ்கூட்டியை விற்கிற யோசனையில் இருந்தேன்.

மன்னார் டவுனில் கழுதைகளுக்கு இருக்கிற சுதந்திரம் மனிதருக்கு இல்லை. கோதுமை மாப்பசை போட்டு ஒட்டிய சுவரொட்டி என்றால் அவற்றுக்கு விருந்து. அந்தச் சனிக்கிழமை ஒரு கழுதை மதில் ஓரமாக வந்து மாஸ்டரை நெற்றியிலிருந்து நாடிவரை அவசரமில்லாமல் தின்று முடித்துவிட்டு, என் வகுப்பு வாசலில் வந்து நின்று உள்ளே பார்த்தது. எங்கள் இருவரில் யாரிடம் மகனைச் சேர்ப்பது என்று தெரியாமல் ரோட்டோரம் நின்ற ஒரு தகப்பன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். மகனை முன்னால் தள்ளிக்கொண்டு வந்து சொன்னார்: "உதுகூட அவரைத் திண்டுபோட்டு உங்களிட்டத்தான் வருது ரீச்சர். என்ர மகனையும் எடுங்கோ."

குளக்கட்டு வகுப்பு

ஒரு ஞாயிறு ஸ்கூட்டி ரோட்டில் படுத்துவிட்டது. முசலிப் பிள்ளைகளுக்கு அன்று போனில் வகுப்பு என்று அறிவித்தேன். நேரத்துக்குத் திரையில் வந்தது ஒரே ஒரு முகம், றிஸ்வான். மற்றவர்கள் எங்கே என்று பார்த்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. எனக்குக் கோபம் வந்தால், கத்துவதற்குக் காற்று அடிக்கத் தேவையில்லை. சோதினை நெருங்குகிறது, இப்படியே போனால் எல்லோரும் மாடு மேய்க்கத்தான் லாயக்கு, நான் யாருக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறேன் என்று ஒரு பாட்டம் பாடித் தீர்த்தேன். றிஸ்வான் பாவம், தலை குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

நான் மூச்சு வாங்கிய இடைவெளியில் அவன் போனை மெல்லத் திருப்பினான். ஊருக்குள் சிக்னல் கிடைக்காததால் எல்லோரும் குளக்கட்டுக்கு ஏறியிருக்கிறார்கள். அங்கேயும் ஒரு போனுக்குத்தான் சிக்னல் பிடித்திருக்கிறது. கட்டு நீளத்துக்கு என் முழு வகுப்பும் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தது. அவர்களுக்குப் பின்னால் உண்மையிலேயே மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஒருவரும் கோபிக்கவில்லை. பின்னால் இருந்த ஒரு பெண்பிள்ளை மட்டும் எல்லோருக்குமாக எழும்பிச் சொன்னாள்: "போன்தான் ரீச்சர் ஒண்டு. மூளை அல்ஹம்துலில்லாஹ் எல்லாருக்கிட்டயும் இருக்கு."

மகளின் முறைப்பாடு

மெற்றில்டா அக்கா படிக்கிற விதம் எனக்கே பயமாக இருந்தது. விடிய எழும்பிக் கருவாடு காயப்போடுகிறபோது வாய்க்குள் வாய்ப்பாடு. முன்பள்ளியில் பிள்ளைகளுக்கு வட்டம் கீறச் சொல்லிவிட்டுத் தானும் கீறி ஆரையும் விட்டமும் குறிப்பார். வீட்டுவேலை கொடுத்தால் எல்லோரும் பத்துச் செய்வார்கள், இவர் பாடப்புத்தகத்தின் பக்கத்தையே முடித்துக்கொண்டு வருவார். ஊரில் கேலி இல்லாமல் இல்லை. மகளின் சீருடையைத் தாயும் போடப்போகிறாவாம் என்று கடையடியில் சிரித்தார்கள். கடலுக்குப் போகிற புருசன் சூசை அண்ணன் அதற்குப் பதில் பேசவில்லை. மண்டப வாசலில் மண்ணெண்ணெய் மேசை விளக்கு ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார், கரண்ட் போனாலும் வகுப்பு நிற்கக் கூடாது என்று.

டிலக்சனாவின் கவலை வேறு. ஒருநாள் வகுப்பு முடிந்ததும் தனியாக நின்றாள். அம்மாவோடு ஒரே வகுப்பில் இருக்க வெட்கமாக இருக்கிறது என்று சொல்லப்போகிறாள், புத்தி சொல்ல வேண்டும் என்று நான் தொண்டையைச் சரிசெய்தேன். அவள் சொன்னது அதுவல்ல: "ரீச்சர், அம்மாவுக்கு என்னை விடக் கூடப் புள்ளி வந்தால் நான் அந்த வீட்டில இருக்கேலாது. எனக்கு மேலதிகமா ஒரு பேப்பர் தாங்கோ."

பதின்மூன்று

மாதிரிப் பேப்பர்கள் செய்யத் தொடங்கினோம். மெற்றில்டா அக்காவுக்கு x, y போடுகிற அட்சரகணிதம் பிடிபட்டுவிட்டது. முக்கோணம், வட்டம் வருகிற கேத்திரகணிதம் ஓரளவு. பங்கு பிரிக்கிற கணக்கு வந்தால் மட்டும் எல்லாம் கவிழ்ந்தது. மூன்று பேர் இலாபத்தை 2:3:5 என்ற விகிதத்தில் பிரிக்கிறார்கள் என்றால் உலகம் முழுக்கப் பத்தால் பிரிக்கும். இவர் பதின்மூன்றால் பிரித்தார். 1:2:3 என்றால் ஆறால் பிரிக்க வேண்டும், இவர் ஒன்பதால். அந்தப் புள்ளிகள் போனால் சித்தி போகும், சித்தி போனால் அந்த வேலை போகும். நான் திருப்பித் திருப்பிச் சொன்னேன், மெதுவாகச் சொன்னேன், கத்தினேன். என் தொண்டை பற்றி முதலே சொல்லியிருக்கிறேன். அவர் தலையாட்டினார், கவனமாகக் கேட்டார், அடுத்த பேப்பரிலும் பதின்மூன்றால் பிரித்தார்.

கடைசியில் பலகைக்குக் கூப்பிட்டு, எழுத வேண்டாம், நினைப்பதை வாயால் சொல்லுங்கோ என்றேன். அவர் வெகு சாதாரணமாகச் சொன்னார். வந்ததில் முதலில் வள்ளத்துக்கு ஒரு பங்கு எடுத்து வைக்க வேண்டும். வலைக்கு ஒன்று. கோயிலுக்கு ஒன்று. மிச்சம்தான் ஆட்களுக்கு. திரும்பி வகுப்பைப் பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை, கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் ஓம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அது தெரிந்ததுதானே, ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒரு கணக்கு, கரையில் ஒரு கணக்கு என்று டிலக்சனா விளக்கினாள். அவளுக்கு இரண்டையும் வேறாக வைத்திருக்கத் தெரிந்திருந்தது. தாய்க்கு அது முடியவில்லை, விருப்பமும் இல்லை. வள்ளத்தை விட்டுவிட்டுப் பிரியுங்கோ என்று நான் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது: "வள்ளத்துக்கு வைக்காமல் ஆக்கள் மட்டும் பிரிச்சால் அது கணக்கில்ல ரீச்சர், களவு."

நல்ல மனிதர்

அன்று அரிப்பிலிருந்து வீடுவரை ஸ்கூட்டியில் எனக்குள் பெரிய வாக்குவாதம். ஒரு மனுசியைப் பிழை என்று சொல்லலாம், கள்ளியாகு என்று எப்படிச் சொல்வது? சோதினைக்கு மூன்று கிழமைகூட இல்லை. பல்கலைக்கழகத்தில் எனக்கு என்னென்னவோ சொல்லிக்கொடுத்தார்கள், வள்ளத்தை என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. பாலத்தடியில் சோதனைச்சாவடிக்காரர் மறித்து எங்கே போகிறீர்கள் என்று கேட்டபோது, பதின்மூன்று என்று பதில் சொன்னேன். அவர் விட்டுவிட்டார்.

அடுத்த வகுப்பில் மெற்றில்டா அக்காவுக்குப் பக்கத்தில் வாங்கில் போய் இருந்தேன். வினாத்தாள் எழுதுகிறவர் நல்ல மனிதர் என்றேன். கேள்வியை அச்சடிக்க முதலே அவர் வள்ளத்துக்கு, வலைக்கு, கோயிலுக்கு எல்லாம் எடுத்து வைத்துவிடுவார், பேப்பரில் போடுவது மிஞ்சின தொகையைத்தான் என்றேன். மெற்றில்டா அக்கா என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். உண்மையாகவா என்று இரண்டு தரம் கேட்டார். சத்தியமாக என்றேன், கோயில் மண்டபத்தில் இருந்துகொண்டு. அவர் கேள்வியை இழுத்து வைத்தார், பத்தால் பிரித்தார், விடை சரி. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அவருக்கு அது ஒரு பெரிய விசயமே இல்லை: "அவர் எடுத்து வைச்சிட்டார் எண்டால் சரிதானே ரீச்சர். இனி நான் பிரிக்கிறன்."

தோட்டக் கணக்கு

மகளுக்குத் தன் பாடசாலை மண்டபம். தாய் தனிப்பட்ட பரீட்சார்த்தி என்பதால் டவுனில் சோதினை. கணிதத்தன்று முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். வாசலில் நின்ற காவல்காரர், பெற்றோர் எல்லாம் வெளியே நிற்க வேணும் அம்மா என்று மறித்தார். மெற்றில்டா அக்கா அனுமதி அட்டையை நீட்டினார். அந்த மனிதர் அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பிறகு ஒதுங்கி நின்று வழி விட்டார். வெளியே என்னைப்போல் ரியூசன்காரர் நாலைந்து பேர் வேப்பமரத்தடியில் நின்றோம். மாஸ்டர்மார் கையைப் பிசைகிறதைப் பார்க்க வேண்டுமென்றால் கணிதப் பேப்பர் நாளில் அங்கே வர வேண்டும்.

பேப்பர் முடிந்ததும் நேரே என்னிடம் வந்தார். தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வடையைப் பிய்த்தபடி மெதுவாகச் சொன்னார். பங்குக் கேள்வி வந்தது, ஆனால் மீன் இல்லை, தென்னந்தோட்டம். மூன்று சகோதரிகள் தேங்காய் வருமானத்தைப் பிரிக்கிறார்கள். வள்ளம் இல்லை, வலை இல்லை, அந்த இரண்டும் பரவாயில்லை என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். எத்தனையால் பிரித்தீர்கள் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. பஸ் வந்துவிட்டது. ஏறும்போது திரும்பிச் சொல்லிவிட்டுப் போனார்: "தோட்டக்காரருக்கும் கோயில் இருக்கெல்லோ ரீச்சர். கனநேரம் யோசிச்சனான்."

பாலத்தில்

சோதினைப் பெறுபேறு வந்த அன்று நான் மன்னார்த் தீவுக்குப் போகிற பாலத்தில் ஸ்கூட்டியில் இருந்தேன். பெறுபேறு பார்க்கிற இணையத்தளம் காலையிலிருந்து திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்ததால் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டுப் புறப்பட்டிருந்தேன். பாலத்தின் நடுவில் அது அடித்தது. ஓரங்கட்டி எடுத்தேன். டிலக்சனா. அவளுக்கு ஏ. காற்றில் பாதிச் சொல் பறந்தது. அம்மாவுக்கு, அம்மாவுக்கு என்று நான் கத்தினேன். அந்தப் பக்கம் யாரோ அழுதார்கள், யாரோ சிரித்தார்கள், பின்னணியில் சூசை அண்ணன் யாருக்கோ உரத்துச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தார். சி. வெறும் சித்தி இல்லை, திறமைச் சித்தி. பாலத்தில் நின்று நான் போட்ட கூச்சலுக்கு மீன் லொறிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, விபத்தா தங்கச்சி என்று இறங்கி வந்தார். இல்லை அண்ணை, சி என்றேன். அவருக்கு விளங்கவில்லை, ஆனாலும் சிரித்துவிட்டுப் போனார்.

பிறகு மெற்றில்டா அக்கா போனை வாங்கினார். எனக்கு அழுகை வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மாதக்கணக்காக என் நெஞ்சில் கிடந்த கேள்வியைக் கடைசியில் கேட்டே விட்டேன். அந்தத் தென்னந்தோட்டத்தில் கோயிலை என்ன செய்தீர்கள்? அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: "அதுகள் மூண்டும் நல்ல சகோதரியள் போல ரீச்சர். பிரிச்ச பிறகு தங்கட தங்கட பங்கில குடுக்கட்டும் எண்டு விட்டிட்டன்."

முதல் பங்கு

முன்பள்ளி நியமனம் அவருக்குக் கிடைத்தது. முதல் நாள் அந்த வழியால் போனேன். அதே பாட்டுத்தான், அதே மூக்குத்தான், ஆனால் சின்னவர்கள் எல்லோரும் ரீச்சர் ரீச்சர் என்று சீலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடையடியில் சிரித்த ஆட்களில் ஒருவர் தன் பேரப்பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு படலையடியில் பணிவாக நின்றார். எனக்கு அதைப் பார்க்க எவ்வளவு சந்தோசம் என்று எழுதினால் நீங்கள் என்னைப் பொல்லாதவள் என்பீர்கள்.

அன்று பின்னேரம் அரிப்பு வகுப்புக்கு மெற்றில்டா அக்காவும் சூசை அண்ணனும் வந்தார்கள். வகுப்பு பின்வாங்குவரை நிறைந்திருந்தது. அந்த முறை பிள்ளைகளோடு மூன்று தாய்மாரும் கொப்பியோடு இருந்தார்கள், நான் ஒருவரையும் வெளியே போகச் சொல்லவில்லை. சூசை அண்ணன் கையில் ஒரு பாரை மீன், அன்று பட்ட மீனில் பெரியது. கரையில் பங்கு பிரிக்க முதலே எடுத்து வைத்ததாம். எனக்கு வேண்டாம், இவ்வளவு பெரிய மீனை வாங்க மாட்டேன், படிப்பித்ததற்கு நீங்கள் தந்தாயிற்றே என்று நான் பின்வாங்கினேன். மெற்றில்டா அக்கா மீனை வாங்கி என் ஸ்கூட்டியின் முன் கூடைக்குள் தானே வைத்தார். என்னுடைய மறுப்பு எதுவும் அவர் காதில் ஏறவில்லை: "இது உங்களுக்கில்ல ரீச்சர், வள்ளத்துக்கு. நான் ஏறி வந்தது உங்களிலதானே."

அரசாங்கத்தின் நியமனக் கடிதம் இன்னும் வரவில்லை, வந்தால் வரட்டும், அரிப்பில் என்னை ஏற்கெனவே வள்ளமாக நியமித்துவிட்டார்கள்.